வெள்ளி அருவியும் அதற்கு முந்தைய மலைப்பாதையும்

நண்பர்களே, எங்கள் குறிஞ்சிப்பாடிக்குப் பெயரில்தான் குறிஞ்சி இருக்கிறது. மலையும் கிடையாது, அருவியும் கிடையாது. எங்கே பார்த்தாலும் வயலும் ஏரியும்தான்! அருவி பார்க்க வேண்டுமென்றால் பஸ் ஏறித்தான் ஆகவேண்டும். அப்படி பஸ் ஏறிக் கொடைக்கானல் போகிறவர்களை முதலில் வரவேற்பது வெள்ளி அருவி. இன்று அதன் வரலாற்றைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஊருக்குச் சுமார் 8 கி.மீ. முன்னால், சாலையோரத்திலேயே ஏறத்தாழ 180 அடி உயரத்திலிருந்து விழுகிறது இந்த அருவி. முழுக்க இயற்கை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் இங்கே விழுவது கொடைக்கானல் ஏரியின் உபரி நீர். அந்த ஏரியோ 1863-இல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் ஓடைகளை மறித்துக் கரை போட்டு உண்டாக்கியது!

"கொடைக்கானலை வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்தார்கள்" என்று சொல்வார்கள். 1821-இல் வார்டு என்ற அதிகாரி இந்த மலையை அளக்க வந்தபோது தங்கியது வெள்ளகவி கிராமத்தில். கிராமம் இருந்ததால்தானே தங்க முடிந்தது? பளியர் போன்ற பழங்குடி மக்கள் அதற்கும் வெகுகாலம் முன்பிருந்தே இங்கு வாழ்ந்தவர்கள். அப்படியானால் யார் யாரைக் கண்டுபிடித்தது?

1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், வெயிலுக்கும் நோய்க்கும் பயந்து 1845-இல் இங்கே பங்களா கட்டினார்கள். ஆனால் சாலை ஏது? பிற்காலத்தில் ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில் இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் மலையடிவாரம் வரை வரவேண்டும். அதற்கு மேல் குதிரை, இல்லாவிட்டால் டோலி. டோலியைத் தோளில் சுமந்து செங்குத்தான பாதையில் ஏறியவர்கள் நம் ஊர்க் கூலித் தொழிலாளர்கள். பெட்டி, படுக்கை, சமையல் சாமான் எல்லாம் அவர்கள் தலையில்தான்!

வத்தலக்குண்டு வழியாகப் போட்ட மலைச்சாலை 1916-இல் பொதுப் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. அதன் பெயர் 'லா காட்' சாலை. அதைத் திட்டமிட்ட மேஜர் லா என்பவரின் பெயர் அது.

ஏரியென்றால் லெவிஞ்ச், சாலையென்றால் லா என்று வரலாறு எழுதி வைத்திருக்கிறது. டோலி தூக்கியவர்களில், கரைக்கு மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? வெள்ளி அருவி முன்னால் நின்று போட்டோ எடுக்கும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.