சர்க்கரை என்ற பெயர்

வியாதிக்கு வைத்தியர் ஒரு பெயர் வைக்கிறார். ஜனங்கள் வேறொரு பெயர் வைக்கிறார்கள். நிலைப்பது ஜனங்கள் வைத்ததுதான். நீரிழிவு என்று நாம் புத்தகத்தில் எழுதினாலும் வீட்டில் அது சர்க்கரை வியாதி. மேற்கு ஆப்பிரிக்காவிலே, கானா தேசத்து அக்கான் மக்களும் அதை ‘அசிச்சிரே யாரே’ என்கிறார்கள். அசிச்சிரே என்றால் சர்க்கரை. யாரே என்றால் நோய்.

பெயருக்குள்ளேயே ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. சர்க்கரை தின்றதால் வந்தது. சர்க்கரையை நிறுத்தினால் போயிற்று. மரவள்ளியும் வாழைக்காயும் சேர்த்து இடித்து உருட்டுகிற ஃபூஃபூவில் தித்திப்பு ஏது? ஆகவே அதற்குத் தடையில்லை! இதைப் படித்து எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பாட்டி காப்பியில் சர்க்கரையை விட்டுவிட்டு, இலையில் மூன்றாம் முறையும் சோறு போட்டுக்கொண்டவள்.

ஒரு காலத்தில் கானாவில் இந்த நோய் அபூர்வம். 1964-ல் வெளியான ஹோ நகரத்துச் சோதனைக் கணக்கில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பிறகு தேசத்தின் பொருளாதாரம் சரிந்தது. 1983-ல் வறட்சியும் பஞ்சமும் வந்தன. அந்தக் காலத்திலும் அதன் பின்னரும் ஆயிரக்கணக்கானவர்கள் லண்டனுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் பெர்லினுக்கும் பிழைக்கப் போனார்கள். 2016-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கானாவின் கிராமத்து ஆண்களில் நூற்றுக்கு 3.6 பேருக்கும், பெர்லினில் குடியேறிய கானா ஆண்களில் 15.3 பேருக்கும் இந்த நோய் இருந்ததாகச் சொல்கிறது.

போனவன் ஊருக்குத் திரும்பும்போது பூரித்த உடம்போடு வர வேண்டும். அதுதான் அவன் பிழைத்துவிட்டான் என்பதற்கு அத்தாட்சி. இந்த வியாதியோ முற்றினால் ஆளை உருக்கிவிடும். மெலிந்தவனைக் கண்டால் எய்ட்ஸாக இருக்குமோ என்று ஊர் முணுமுணுக்கும். அல்லது சூனியம் என்னும். அக்கான் மக்களின் நம்பிக்கைப்படி சூனியக்காரி வெளியே இருப்பவள் அல்ல. சொந்தக் குடும்பத்துக்குள்ளேயே இருப்பவள். மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறவனுக்கு, அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளும் கைகளில் ஒன்றைப் பற்றியே சந்தேகம்! இப்படிப்பட்ட நோயை யாரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியும்? “இளைக்க வேண்டும்” என்று ஐரோப்பிய வைத்தியர் புத்தி சொல்லும்போது அவன் காதில் வேறு எதுவோ விழுகிறது.

இதை வெறும் அறியாமை என்று தள்ளிவிடலாகாது. கானா நாட்டு ஆராய்ச்சியாளர் அமா டி கிராஃப்ட் எய்க்கின்ஸ் அங்குள்ள நோயாளிகளிடமே பேசிப் பார்த்து 2005-ல் எழுதினார். ஆஸ்பத்திரியை வெறுத்து அவர்கள் மூலிகைக்காரரிடமும் ஜெபக்கூடத்துக்கும் போகவில்லை. மருந்தின் விலை ஒரு பக்கம். ஆயுள் முழுதும் தீராது என்று வைத்தியர் கைவிரித்தது மறுபக்கம். தீரும் என்று ஒருவர் சொன்னால் காலும் அந்தப் பக்கம்தானே போகும்?

என் பாட்டிக்கும் வைத்தியர் சொன்னது ஒரே வார்த்தைதான்: சர்க்கரையை நிறுத்து. அவள் நிறுத்தினாள். கால் விரலை எடுத்த பிறகு, சோறும் வயிற்றில் சர்க்கரையாகத்தான் மாறுகிறது என்று யாரோ விளக்கினார்கள். பாட்டி வெகு நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கேட்டாள்: “இதை முதலிலேயே சொல்லியிருக்கப்படாதோ?”