தூசுக்குக் கூலி

ரத்தினக் கம்பளங்களைத் தரையினின்றும் பெயர்த்து, வெளியே சுமந்து சென்று, கொடியிலிட்டுத் தடியால் அடித்துத் தூசு போக்குவதே நெடுங்காலம் இங்கிலாந்தில் வழக்கமாயிருந்தபடியால், அவ்வேலைக்குரிய கூலியில் பெரும்பகுதி ஆட்களின் சரீர பலத்துக்கே உரியதாயிற்று. ஹூபர்ட் செசில் பூத் என்னும் பொறியியலார், தூசை ஊதித் தள்ளுவதைவிட உறிஞ்சி இழுப்பதே உசிதம் என்று தெளிந்து, 1901-ல் தாம் நிர்மாணித்த யந்திரத்தைக் குதிரை வண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியே உள்ளே செலுத்திச் சுத்தம் செய்யலானார். வீட்டுக்குள் நுழைய இயலாத அந்தப் பெரிய யந்திரத்தை விற்பதைவிட, அதன் உழைப்பை விற்பதே தகும் என அவர் கண்டதை, யந்திரத்துக்கு நிகரான நூதன யோசனையாகவே நான் மதிக்கிறேன். ஏழாம் எட்வர்டின் 1902 மகுடாபிஷேகத்துக்கு முன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்களை அது சுத்தம் செய்ததும், அரண்மனைக்கே யந்திரங்கள் வாங்கப்பட்டன.

பெரிய கட்டிடத்தைச் சுத்தம் செய்ய விலை கூறுவோர் இன்று சதுர அடியைக் கணக்கிடுகின்றனர். ஆயினும் அழுக்கின் ஆழம், தண்ணீர் வசதி, மேஜை நாற்காலிகளை நகர்த்தும் சிரமம், இரவில் மட்டுமே வேலை செய்யும் நிர்ப்பந்தம் ஆகிய யாவும் அளவுகோலுக்கு அகப்படாதவை. முதல் உலக யுத்த காலத்தில் கடற்படையினர் தங்கியிருந்த, லண்டனின் கிரிஸ்டல் பாலஸ் என்னும் பெரிய கட்டிடத்தில், நோய் பரவியதன் நிமித்தம் பூத்தின் யந்திரங்கள் உறிஞ்சியெடுத்த தூசு 26 டன் எனச் சொல்லப்படுகிறது. பரப்பளவை மாத்திரம் பார்த்து அவ்வேலைக்கு விலை கூறியிருந்தால் அது நியாயமான விலையாயிராது.