மூலமும் தூரிகையும்

கடிதம் எழுதலாம், கணக்குப் போடலாம், நிரல் இயற்றலாம். ஆனால் ஒரு புகைப்படத்தைத் திறந்து அதன் இருளைச் சற்றே குறைப்பது பெரும்பாடு. 1990களின் நடுப்பகுதியில் லினக்ஸ் இயங்குதளத்தைத் தம் கணினியில் நிறுவிக்கொண்டவர்களின் நிலை ஏறத்தாழ இதுவே. ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு திட்டத்தின் கருவிகளும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரலும் சேர்ந்து, எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள ஒரு கணினி அமைப்பைத் தந்திருந்தன. அவ்வமைப்பில் எழுதுகிறவனுக்கு இடம் இருந்தது, வரைகிறவனுக்கு இல்லை. அந்த இடம் எவ்வாறு உண்டாயிற்று, அதற்கு எத்தனை காலம் பிடித்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

அன்று படத்திருத்தம் என்றாலே அடோபி நிறுவனத்தின் போட்டோஷாப்தான். தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய அம்மென்பொருள் 1990 பிப்ரவரியில் மெக்கின்டோஷ் கணினிக்கு வெளிவந்தது. பின்னர் விண்டோஸுக்கும், சன், சிலிக்கன் கிராபிக்ஸ் ஆகிய நிறுவனங்களின் விலைமிக்க யூனிக்ஸ் கணினிகளுக்கும் பதிப்புகள் வந்தன. லினக்ஸுக்கு வரவில்லை. லினக்ஸ் பயனர் கையில் இருந்தவை சில்லறைக் கருவிகள். 1985இல் தோன்றிய எக்ஸ்ஃபிக் கோட்டுப்படம் வரைய உதவியது. ஆய்வேட்டில் இடம்பெறும் விளக்கப்படத்துக்கு அது போதும். எக்ஸ்வி என்னும் நிரல் படங்களைப் பார்க்கவும் நிறத்தைச் சிறிது மாற்றவும் பயன்பட்டது. ஓவியம் என்று சொல்லத்தக்க எதற்கும் இவை போதவில்லை.

இக்குறையை நிரப்பியவர்கள் இரண்டு மாணவர்கள். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்துவந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகியோர், கம்பைலர் பாடத்துக்காகத் தொடங்கிய பயிற்சித்திட்டம் ஒன்று உருப்படாமற்போன பின்பு, ஒரு படத்திருத்த மென்பொருளை எழுத முனைந்தனர். தாம் நாளும் கையாண்ட கட்டற்ற மென்பொருள்களுக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் செயலாகவே இதனைக் கருதியதாகக் கிம்பல் பின்னர்க் கூறியிருக்கிறார். 1995 நவம்பரில் அறிவிப்பு வந்தது; 1996 தொடக்கத்தில் 0.54 எனும் முதற்பதிப்பு பொதுவில் வெளியாயிற்று. அதன் பெயர் கிம்ப். பொதுப் படக் கையாளுகை நிரல் என்பதன் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கம் அது. 1997இல் ஸ்டால்மனின் இசைவுடன் 'பொது' என்னும் சொல் நீங்கி அவ்விடத்தில் 'குனு' அமர்ந்தது.

அந்த முதற்பதிப்பில் அடுக்குகள் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை வைத்து வரைவது போன்ற அவ்வசதி அடுத்த வளர்ச்சிக் கட்டத்தில்தான் சேர்ந்தது. ஆயினும் லாரி ஈவிங் என்பவர் 1996இல் லினக்ஸின் சின்னமான டக்ஸ் என்னும் பென்குவினை வரைந்தது இந்த 0.54 பதிப்பைக் கொண்டுதான். இன்று உலகெங்கும் தெரிந்த அச்சித்திரம் குறைக்கருவியில் பிறந்தது.

தமிழ் படித்தவர்களுக்கு 'மூலம்' என்னும் சொல் அயலானதன்று. 'மூலமும் உரையும்' என அட்டையில் அச்சிட்ட நூல்களைக் கையாண்டே நாம் பயின்றோம். மூலம் கையில் இருந்தால்தான் உரையாசிரியரோடு மாறுபட முடியும். பாடம் பிழை என்று ஐயுற முடியும். வேறோர் உரை எழுதவும் முடியும். மென்பொருளிலும் மூலநிரல் என்பதன் பயன் இதுவே. கிம்ப்பின் மூலநிரல் எவருக்கும் கிடைத்தது. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. திரையில் தோன்றும் பொத்தான், பட்டியல், சாளரம் ஆகியவற்றை வரைய அது மோடிஃப் என்னும் வணிகக் கருவித்தொகுதியைச் சார்ந்திருந்தது. மோடிஃபை விலைகொடுத்து வாங்கியிராதவர் கிம்ப்பின் மூலத்தைப் படிக்கலாம். திருத்தியதைத் தம் கணினியில் ஓடும் நிரலாக்க இயலாது. ஏடு கையில் இருந்தும் எழுத்தாணி அடுத்த வீட்டில் இருந்த நிலை எனலாம்.

மாட்டிஸ் இதற்குக் கண்ட தீர்வு, எழுத்தாணியையும் தாமே செய்துகொள்வது. பொத்தான்களும் பட்டியல்களும் வரைவதற்கென அவர் எழுதிய தொகுதிக்குக் கிம்ப் கருவித்தொகுதி என்று பெயர், சுருக்கமாக ஜிடிகே. ஒரு படத்திருத்தியின் உள்தேவைக்காக எழுதப்பட்ட இத்தொகுதி, அதனைவிடப் பெரிய வரலாற்றுப் பங்கை ஆற்றியது. 1996 அக்டோபரில் ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் எட்ரிக் லினக்ஸுக்கு எளிய பணிமேடை ஒன்றை அமைக்கக் கேடிஇ திட்டத்தைத் தொடங்கினார். அது சார்ந்திருந்த க்யூட்டி என்னும் தொகுதியின் உரிமம் அன்று முழுமையாகக் கட்டற்றதாக இல்லை. இதனை ஏற்காத மிகேல் தெ இகாசாவும் ஃபெதெரிகோ மேனாவும் 1997 ஆகஸ்டில் குனோம் என்னும் மாற்றுப் பணிமேடையை அறிவித்தனர். கட்டுவதற்குச் செங்கல் வேண்டுமே. கிம்ப்புக்காகச் சுட்ட செங்கல் ஆயத்தமாக இருந்தது. பணிமேடைக்கு ஒரு தூரிகை தேடிய கதை, தூரிகையின் பட்டறையிலிருந்தே ஒரு பணிமேடை பிறந்த கதையாயிற்று.

அதே 1997இல் கிம்பலும் மாட்டிஸும் படிப்பை முடித்து வேலைக்குச் சென்றனர், திட்டத்தினின்றும் விலகினர். ஆசிரியர் இருவரும் அகன்ற நூல் என்னாகும்? வணிக மென்பொருளாயின் நிறுவனம் முடிவு செய்யும், மூடிவிட்டால் மூடியதுதான். இங்கே மூலம் பொதுவில் இருந்தமையால், அதுவரை பிழை சுட்டியவர்களும் செருகுநிரல் எழுதியவர்களும் பொறுப்பை எடுத்துக்கொண்டனர். சிறிது தேக்கத்துக்குப் பின் 1998 ஜூன் 5 அன்று 1.0 பதிப்பு வெளிவந்தது. பின்னாளில் ஸ்வென் நாய்மன், மிஷாயேல் நாட்டரர் முதலியோர் பேணிவர, 2004 மார்ச்சில் 2.0 பதிப்பு வந்தது.

இவ்வரலாற்றை வெற்றிப் பட்டியலாகச் சொல்வது நேர்மையன்று. நிறத்தின் ஒவ்வொரு கூறையும் எட்டு பிட்டுகளில் மட்டுமே கிம்ப் கையாண்டது; திரைப்படத்தின் நுண்ணிய நிறவேறுபாடுகளுக்கு அது போதாது. இதனால் ரிதம் அண்டு ஹியூஸ் என்னும் ஹாலிவுட் காட்சியமைப்பு நிறுவனம் துணைநிற்க, ஃபிலிம் கிம்ப் என்றொரு கிளை தனியே வளர்ந்தது. அதுவே பிற்பாடு சினிபெயிண்ட் ஆயிற்று. கிம்ப்பின் உள்ளமைப்பையே மாற்ற ஜெகல் என்னும் புதிய இயந்திரத்தின் வேலை 2000இல் தொடங்கியது. அது கிம்ப்பில் முழுமையாகக் குடியேறியது 2018இல் வந்த 2.10 பதிப்பில். பதினெட்டு ஆண்டுகள்! காரணம் எளிது: மாதச் சம்பளம் பெறும் நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் ஒருபுறம், மாலைப்பொழுதையும் விடுமுறையையும் தரும் விரல்விட்டு எண்ணத்தக்க தன்னார்வலர் மறுபுறம். இன்னொரு முரணும் உண்டு. ஜிடிகேயின் மூன்றாம் தலைமுறை 2011இல் வெளியாயிற்று. அது எதற்காகப் பிறந்ததோ அந்தக் கிம்ப் அதற்கு மாறியது 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில்தான். அதற்குள் நான்காம் தலைமுறையே வந்துவிட்டிருந்தது. பிள்ளை ஊராளப் போக, தாய் பழைய வீட்டிலேயே இருந்தாள்.

பூசலும் இவ்வரலாற்றில் ஆக்கம் செய்திருக்கிறது. 1998இல் ஜெர்மனியில் நடந்த லினக்ஸ் மாநாட்டில், எட்ரிக் கிம்ப்பின் முகப்பை ஜிடிகேயிலிருந்து க்யூட்டிக்கு மாற்றிக் காட்டினார். நுட்பத்தால் அது எளிது என்று நிறுவுவதே அவர் நோக்கம். கிம்ப் அணியினரோ சினந்தனர். இருதரப்பும் இணையும் வழி அடைபட்டதால், கேடிஇ அணி 1999இல் தனக்கென ஒரு படத்திருத்தியைத் தொடங்கியது. பெயர்ச் சிக்கல்களால் இருமுறை பெயர் மாறி, 2002இல் கிரிட்டா என நிலைத்தது. சுவீடிய மொழியில் சுண்ணக்கோல், வண்ணக்கோல் ஆகியவற்றைக் குறிக்கும் சொல் அது. முதல் வெளியீடு 2005இல்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த பௌடவைன் ரெம்ப்ட், தாம் எழுதிவந்த புனைகதைக்கு நிலவரைபடம் ஒன்று வரைய விரும்பி இத்திட்டத்துக்குள் வந்தவர். பின்னர் அதன் பொறுப்பாளர் ஆனார். போட்டோஷாப்பின் நிழலாக இருப்பதைக் கைவிட்டு, வெறுந்தாளில் ஓவியம் தீட்டுபவருக்கே கருவி செய்வது என 2009 வாக்கில் இவ்வணி எடுத்த முடிவே கிரிட்டாவுக்கு உயிர் கொடுத்தது. பிரெஞ்சு ஓவியர் டாவிட் ரெவுவா 2014 முதல் வரைந்துவரும் 'பெப்பர் அண்டு கேரட்' சித்திரக்கதை இக்கருவியின் ஆக்கம்.

புள்ளிகளால் ஆன புகைப்படத்தைப் போலன்றி, எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு சிதையாத வெக்டர் ஓவியத்துக்கும் இத்தகைய கிளைவரலாறு உண்டு. ராஃப் லெவியன் தொடங்கிய கில் என்னும் நிரலிலிருந்து லாரிஸ் கப்லின்ஸ்கியின் சோடிபோடி வந்தது; அதன் போக்கில் மனநிறைவு கொள்ளாத நால்வர் 2003இல் பிரிந்து இங்க்ஸ்கேப்பை உண்டாக்கினர். அதன் 1.0 பதிப்பு 2020 மே மாதம் வந்தது. நூலட்டை வடிவமைப்போர் இன்று இலஸ்ட்ரேட்டருக்கு மாற்றாக முதலில் நாடுவது இதனையே.

தமிழ் வாசகருக்கு இவ்வரலாற்றில் நேரடியான பங்கு ஒன்று உண்டு, அது எழுத்து. 'கொ' என்னும் எழுத்தை ஒருங்குறியில் சேமிக்கும்போது ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் அமைகின்றன. திரையிலோ கொம்பு முன்னும் கால் பின்னும் நின்றாக வேண்டும். இந்த இடமாற்றம் அறியாத வரைகலை மென்பொருளில் தமிழ் சிதறும். அதனால்தான் நம் அச்சகங்களும் வடிவமைப்பாளர்களும் நெடுங்காலம் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்களையே நம்பியிருந்தனர். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பழைய இதழ்க் கோப்பு ஒன்றைத் திறந்தால் தமிழ் இருக்காது. பொருளற்ற ரோமன் குறிகளே கிடைக்கும். சிற்றிதழ்களின் பழைய கோப்புகளை மீட்க முயன்றவர்கள் இவ்வேதனையை அறிவர்.

2002இல் வந்த ஜிடிகே 2.0 பேங்கோ என்னும் எழுத்தமைப்பு நூலகத்தைத் தன்னுள் கொண்டிருந்தது. 'அனைத்து' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லையும், 'மொழி' எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்லையும் கூட்டி இட்ட பெயர் அது. கிம்ப் 2.0 தன் எழுத்துக்கருவியைப் பேங்கோவின்மேல் புதிதாக அமைத்தபோது, இந்திய மொழிகளின் எழுத்துகள் இடம் மாறி அமரும் முறையும் உடன் வந்தது. பேங்கோவிலும் க்யூட்டியிலும் வளர்ந்த இவ்வறிவு ஒன்றுசேர்ந்து ஹார்ஃபஸ் என்னும் நூலகமாயிற்று. ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதன் முதன்மை ஆசிரியர். இன்று ஆண்ட்ராய்டு கைபேசியிலும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் உலாவிகளிலும் தமிழ் எழுத்தைக் கூட்டித் தருவது இதுவே. இதழ்ப்பக்கம் அமைக்கும் ஸ்கிரைபஸ் மென்பொருள் நெடுநாள் தமிழுக்கு உதவாமல் இருந்தது. அரபு எழுத்துக்காக உழைத்தோர் ஹார்ஃபஸை அதனுள் இணைத்தபோது தமிழுக்கும் கதவு திறந்தது. 2024இல் வந்த 1.6 என்னும் நிலைப்பதிப்பில் அவ்வசதி உண்டு. போட்டோஷாப்பே இன்று ஹார்ஃபஸைப் பயன்படுத்துகிறது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

ஆகவே இன்று ஒருவர் கட்டற்ற பணிமேடையில் வரைகலைக் கருவி தேடினால் வெறுங்கையுடன் திரும்பமாட்டார். புகைப்படத்துக்குக் கிம்ப், தூரிகை ஓவியத்துக்குக் கிரிட்டா, அட்டைக்கும் சின்னத்துக்கும் இங்க்ஸ்கேப், பக்கத்துக்கு ஸ்கிரைபஸ். குறைகளும் உள்ளன. அச்சகத்தார் கேட்கும் நால்வண்ண முறையில் நேரடியாகப் பணிசெய்யும் வசதி 3.0 பதிப்பிலும் கிம்ப்புக்கு முழுமையாக வாய்க்கவில்லை. அதற்குக் கிரிட்டாவையோ ஸ்கிரைபஸையோ நாட வேண்டும். போட்டோஷாப்பில் பழகிய கைக்கு இம்மாற்றம் சில வாரங்களேனும் எரிச்சல் தரும்.

ஆயினும் எடைபோட வேண்டிய மற்றொன்று உண்டு. 2013இல் அடோபி தன் வரைகலை மென்பொருள்களை மாதவாடகை முறைக்கு மாற்றியது. புதிய பதிப்பை ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் வழி அத்துடன் அடைபட்டது. வாடகை நின்றால் கருவி பூட்டிக்கொள்ளும். அதில் செய்த பத்தாண்டு வேலையைத் திருத்தும் வழியும் உடன் அடைபடும். கிம்ப் தன் படங்களைச் சேமிக்கும் எக்ஸ்சிஎஃப் என்னும் கோப்புவகை, கிம்பலும் மாட்டிஸும் அங்கம் வகித்த பெர்க்லி மாணவர் கணினிக்குழுவின் பெயர்ச்சுருக்கம். அக்குழுவின் இருவர் விலகிப்போய்க் கால்நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1.0 பதிப்பில் சேமித்த கோப்பை 3.0 பதிப்பு இன்றும் திறக்கிறது. அடுக்குகள் அடுக்குகளாகவே இருக்கின்றன.