சாண்டா ரோசா கண்ட மகளிர் விழா

விழா எடுப்பதில் நம்மவர்க்கு நிகர் நாமே. மண்டபம் பார்ப்பது முதல் இலை போடுவது வரை எல்லாம் நமக்குக் கைவந்த கலை. ஆயினும், ஒரு விழா எவ்வாறு தோன்றுகிறது, அதனை முதலில் நினைத்தவர் யார், ஊரார் அதனை ஏன் ஏற்றனர் என்று நாம் ஆராய்வது அரிது. மகளிர் வாழ்வையும் பணியையும் போற்றுவதற்காக ஓர் ஊரார் தொடங்கிய விழா, பத்து ஆண்டுகளுக்குள் ஒரு பெருநாட்டின் விழாவாக வளர்ந்த வரலாற்றை ஈண்டுச் சிறிது காண்போம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலே, சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, சொனோமா என்னும் மாவட்டம் உள்ளது. திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்ற பகுதி அது. அதன் தலைநகர் சாண்டா ரோசா. 1970-களில் அந்நாட்டுப் பள்ளி வரலாற்று நூல்களில் பெண்களைப் பற்றிய செய்தி மிக அருகியே காணப்பட்டது. பள்ளி ஆசிரியராய் இருந்த மாலி மாக்கிரிகர் என்ற அம்மையாரிடம் மாணவர் ஒருவர், பெண்கள் இயக்கம் என்றால் என்ன என்று வினவினாராம். விடை தேடி அம்மையார் நூல்களை நாடினார். நூல்களோ கைவிரித்து விட்டன.

சொனோமா மாவட்டத்தில் மகளிர் நிலை குறித்து ஆராய ஓர் ஆணையம் இருந்தது. அதன் கல்விக் குழுவினர் 1978-ஆம் ஆண்டில் 'மகளிர் வரலாற்று வாரம்' ஒன்றைத் தொடங்கினர். மார்ச்சு 8-ஆம் நாளை உள்ளடக்கிய வாரத்தை அதற்குத் தேர்ந்தனர். அந்நாளுக்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. 1910-இல் கோபன்ஹேகன் மாநாட்டில் கிளாரா செட்கின் அம்மையார் உலக மகளிர் நாள் வேண்டும் என்று முன்மொழிந்தார். 1917-இல் பெத்ரோகிராது நகரத்து ஆலைப் பெண்கள் வேலையை நிறுத்தி வீதிக்கு வந்தது மார்ச்சு 8-ஆம் நாளில்தான்.

சாண்டா ரோசாவில் நடந்ததை நாம் சற்று நின்று நோக்குதல் தகும். பெரும்புலவர்களை வருவித்துச் சொற்பொழிவு நிகழ்த்துவதோடு அவர்கள் அமையவில்லை. ஊர்ப் பெண்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் வகுப்பறைகளுக்குச் சென்று மாணவரிடையே பேசினர். பல பள்ளிகள் தனி நிகழ்ச்சிகளை வகுத்தன. 'உண்மைப் பெண்' என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி வைத்தனர். நூற்றுக்கணக்கில் கட்டுரைகள் வந்து குவிந்தன. அத்தலைப்பே நம் உள்ளத்தைக் கவர்கிறது. கதையில் வரும் அரசி அல்லள், கண்முன் வாழும் பெண்! இறுதியில் நகரின் நடுவே ஊர்வலமும் விழாவும் நடைபெற்றன. பள்ளியிலே தொடங்கி வீதியிலே நிறைவுற்றமையால் அது குழுவின் விழாவாக நின்றுவிடாமல் ஊரின் விழாவாயிற்று என்பது எம் கருத்து.

நிற்க. 1979-இல் சாரா லாரன்ஸ் கல்லூரியில் மகளிர் வரலாற்றுப் பயிலரங்கு ஒன்று கூடியது. அதனை நடத்தியவர் கெர்டா லெர்னர். வியன்னாவில் 1920-இல் பிறந்து, நாசியர் கொடுமைக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த வரலாற்றறிஞர் அவர். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு அவர்பால் தனிப் பரிவு தோன்றுவது இயல்பே. அங்குக் குழுமியிருந்த மகளிர் அமைப்புத் தலைவியர் சொனோமாச் செய்தியைக் கேட்டு, தத்தம் ஊரிலும் அவ்வாறே செய்ய உறுதி பூண்டனர். நாடு முழுமைக்கும் ஒரு வாரம் வேண்டும் என்ற கோரிக்கையும் எழுந்தது.

1980 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் கார்ட்டர், மார்ச்சு 8-ஐ உள்ளடக்கிய வாரத்தை நாட்டு மகளிர் வரலாற்று வாரமாக அறிவித்தார். 1981-இல் ஆரின் ஹாட்ச், பார்பரா மிகுல்ஸ்கி இருவரும் சேர்ந்து கொணர்ந்த தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. அவர் ஒரு கட்சி, இவர் எதிர்க்கட்சி. பெண்களுக்குச் சம உரிமை வழங்கும் சட்டத் திருத்தத்தை அவர் எதிர்த்தார், இவர் ஆதரித்தார். உரிமையில் மாறுபட்டவர் விழாவில் ஒன்றுபட்டனர். இது விழாவின் வலிமையா, அன்றி எளிதில் உடன்படத்தக்கதற்கு மட்டுமே உடன்படும் மனித இயல்பா? நாம் முடிவு கூற அஞ்சுகின்றோம். 1986-க்குள் பதினான்கு மாநிலங்கள் மார்ச்சுத் திங்கள் முழுவதையும் மகளிர் வரலாற்றுத் திங்களாக்கின. 1987-இல் நாடே அதனை ஏற்றது.

இக்கட்டுரைக்காக நம் சங்கத்தின் பழைய மலர்களைப் புரட்டினோம். பொங்கலுக்குச் சமைத்தோர், சிறுவர்க்குத் தமிழ் எழுத்துக் கற்பித்தோர், நாடகத்திற்கு உடை தைத்தோர் என்று நன்றியுரைகளில் மகளிர் பலர் வருகின்றனர். ஆனால் அவர்களுள் பெரும்பாலோர் கணவர் பெயருக்கு முன் 'திருமதி' என்ற அளவிலேயே நிற்கின்றனர். அவர்தம் சொந்தப் பெயர் இன்று எமக்குத் தெரியவில்லை. அடுத்த மலரில் சில பக்கங்களை இதற்கென ஒதுக்கியுள்ளோம். அன்பர்கள் தங்கள் அன்னையார், பாட்டியார் பெயரையும், அவர் இந்நகருக்கு வந்திறங்கிய ஆண்டையும், செய்த பணியையும் எழுதி எம்மிடம் சேர்ப்பிக்க வேண்டுகின்றோம்.