தண்டோரா பதிலுக்கு நிற்பதில்லை

இலத்தூர் முதலிய தென்காசி வட்டாரத்து ஊர்களில் அரசு அறிவிப்பு என்றால் நெடுங்காலம் தண்டோராதான். தெருமுனையில் பறையைத் தட்டி, செய்தியை உரக்கச் சொல்லிவிட்டு, சொன்னவர் அடுத்த தெருவுக்கு நடந்துவிடுவார். கேட்டவர் என்ன செய்தார் என்று நின்று பார்க்கமாட்டார். ஊர் வேலையும் அவருக்காக நிற்காது. இன்று அதே வட்டாரத்தில், பெயரிலேயே மத்தளத்தைச் சுமக்கும் மத்தளம்பாறையில், ஜோஹோ அலுவலகத்தில் மென்பொருள் எழுதுகிறார்கள். அறிவிப்பு இப்போது திரையின் ஓரத்தில் எட்டிப்பார்க்கிறது. சில கணினிகளில் அதைச் சொடுக்கியதும் திரை முழுதும் ஹேங் ஆகிவிடுகிறது. சொல்லிவிட்டுப் போக வேண்டிய நிரல் பதிலுக்குக் காத்து நிற்பதே இந்தக் கோளாறின் வேர்.

லினக்ஸ் இயங்குதளத்தின் திரைமுகப்புகளின் வரலாறு இதற்குச் சான்று. பழைய குனோம் 2 முகப்பில் சாளரங்களை ஆள்வது ஒரு நிரல், பட்டையைக் காட்டுவது இன்னொன்று, அறிவிப்பைக் காட்டுவது மற்றொன்று. ஒன்று படுத்தாலும் மற்றவை ஓடின. 2009 ஏப்ரலில் வந்த உபுண்டு 9.04 என்ற லினக்ஸ் வெளியீடு தண்டோரா முறையையே கையாண்டது: அதன் அறிவிப்புகளில் பொத்தான் கிடையாது, சொடுக்கினால் அந்தச் சொடுக்கு அடியிலுள்ள சாளரத்துக்குப் போய்விடும். 2011 ஏப்ரலில் வெளியான குனோம் 3 இதற்கு நேர்மாறு. சாளரம், பட்டை, அறிவிப்பு எல்லாம் குனோம் ஷெல் என்ற ஒரே நிரலுக்குள் வந்தன. அறிவிப்பிலேயே பதில் சொல்லும் பொத்தான்களும் இருந்தன. குனோம் ஷெல்லின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்வரிகள் ஒரே இழையில், ஒன்றன்பின் ஒன்றாக ஓடுகின்றன. அவற்றில் ஒரு வரி வேறொரு செயலியின் பதிலுக்காக நின்றுவிட்டால், திரையை வரையவும் ஆள் இல்லை. திரையை ஆளும் பழைய முறையான எக்ஸில் அப்போது சுட்டி மட்டும் நகரும், மற்றதெல்லாம் சிலையாக நிற்கும். சுட்டியை நகர்த்துவது வேறொரு நிரல் என்பதே காரணம். அதற்குப் பின் வந்த வேலாண்ட் முறையில் குனோம் ஷெல்லே திரையையும் ஆள்வதால், அதை மட்டும் மறுபடி தொடங்க வழியில்லை. அதை நிறுத்தினால் திறந்திருந்த வேலையும் சேர்ந்து போகும்.

கணினியின் நினைவகம் போதாததுதான் காரணம் என்பார்கள். அப்படியானால் எந்த வேலையிலும் தடுமாற்றம் தெரிய வேண்டும். அறிவிப்பைத் தொட்டால் மட்டும் நிற்பதற்கு அது விளக்கமாகாது. பொத்தான்களையே எடுத்துவிட்டால் என்ன என்பது அடுத்த வாதம். அது தேவையில்லை. லினக்ஸ் முகப்புகளுக்கான பொது அறிவிப்பு விதிமுறையிலேயே, பயனர் பொத்தானை அழுத்திய செய்தி ஒரு சமிக்ஞையாகத்தான் செயலிக்குப் போகிறது. சமிக்ஞைக்குப் பதில் எதிர்பார்ப்பதில்லை. விதி தண்டோராவாகவே இருக்கிறது. அதைச் சுற்றி எழுதப்படும் நிரல்தான் சில இடங்களில் காத்து நிற்கிறது. தண்டோராவை முன்மாதிரியாகக் காட்டுவது தகுமா என்றும் கேட்கலாம். சாதியின் பேரால் சிலர் தலையில் சுமத்தப்பட்ட அந்த வேலையை 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு நிறுத்தச் சொன்னது சரியே. ஆனால் அதற்கு மாற்றாகச் சொல்லப்பட்ட ஒலிபெருக்கி வண்டியும் எவர் வாசலிலும் பதிலுக்கு நிற்பதில்லை. ஒழிய வேண்டியது இழிவு. சொல்லிவிட்டு நகரும் முறை அல்ல.

ஆகவே திரை உறைவதற்குப் பழியை அறிவிப்பின் மேலோ பொத்தானின் மேலோ போடுவது பிழை. நிரல் எழுதுபவர் கேள்வியை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போகவும், பதில் வரும்போது வாங்கிக்கொள்ளவும் எழுதினால் போதும், திரை உறையாது.