ஒரு டாலர், ஒரு தட்சிணை, பதினைந்து லட்சம்: புனேயின் பெண்கல்விக்கு நிதி வந்த வழிகள்

பெண்கல்வியின் வரலாற்றை எழுதுவோர் பள்ளி தொடங்கிய ஆண்டையும் தொடங்கியவரின் பெயரையும் தவறாமல் பதிவு செய்கின்றனர். அப்பள்ளியின் வாடகையை யார் செலுத்தினார், விடுதி மாணவியின் உணவுக்கு எங்கிருந்து பணம் வந்தது, அப்பணத்தைக் கேட்கச் சென்றவர் என்ன சொல்லிக் கேட்டார் என்ற வினாக்கள் பெரும்பாலும் அடிக்குறிப்புகளிலேயே நின்றுவிடுகின்றன. 1887 முதல் 1920 வரை புனேயை மையமாகக் கொண்டு நிகழ்ந்த நிதி திரட்டல்களைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும்: பணம் எவ்வளவு வந்தது என்பதைக் காட்டிலும், அது என்ன சொல்லிக் கேட்கப்பட்டது என்பதே அந்நிறுவனங்களின் எல்லைகளை வகுத்தது.

இவ்வரலாற்றின் இரு மையமான மனிதர்கள் ஐந்து நாள் இடைவெளியில் பிறந்தவர்கள். தோண்டோ கேசவ் கர்வே பிறந்தது 1858 ஏப்ரல் 18; பண்டித ரமாபாய் பிறந்தது அதே ஆண்டு ஏப்ரல் 23. இருவரும் சித்பாவனப் பிராமணக் குடும்பத்தினர். இருவரும் இளம் கைம்பெண்களின் கல்விக்கே வாழ்நாளைச் செலவிட்டனர். ஆனால் இருவரும் கையேந்திய வாசல்கள் வேறு.

ரமாபாயின் தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே, பெண்களுக்குச் சமஸ்கிருதம் கற்பித்ததற்காகத் தம் சமூகத்தின் பகையைத் தேடிக்கொண்டவர். பெற்றோரைப் பஞ்சத்தில் இழந்த ரமாபாய், தமையனுடன் நாடெங்கும் புராணம் சொல்லித் திரிந்து, 1878இல் கல்கத்தாவை அடைந்து, அங்குள்ள அறிஞர்களால் ‘பண்டிதை’ என்றும் ‘சரஸ்வதி’ என்றும் சிறப்பிக்கப்பட்டார். மணமாகி இரண்டே ஆண்டுகளில், 1882இல், கைக்குழந்தையுடன் கைம்பெண்ணானார். அவ்வாண்டே புனேயில் ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார்; ‘ஸ்திரீ தர்ம நீதி’ என்னும் மராத்தி நூலையும் வெளியிட்டார். 1883இல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய செலவில் ஒரு பகுதி அந்நூலின் விற்பனையால் கிடைத்தது. எழுத்தை நிதியாக மாற்றும் வழியை அவர் அப்போதே அறிந்துகொண்டிருந்தார் எனலாம். இங்கிலாந்தில் இருந்தபோது, அதே 1883இல், அவர் கிறித்தவத்தைத் தழுவினார்.

1886 மார்ச்சில், பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்ற ஆனந்திபாய் ஜோஷியின் பட்டமளிப்பு விழாவுக்காக ரமாபாய் அமெரிக்கா சென்றார். சில வாரங்களுக்கெனத் திட்டமிட்ட பயணம் இரண்டு ஆண்டுகளைக் கடந்து நீண்டது. 1887இல் அவருடைய ‘தி ஹை-காஸ்ட் ஹிந்து உமன்’ வெளிவந்தது. கைம்பெண்களுக்கான பள்ளிக்கு நிதி சேர்ப்பதே அதன் வெளிப்படையான நோக்கம். அதே ஆண்டு டிசம்பரில் பாஸ்டனில் அமெரிக்க ரமாபாய் சங்கம் தோன்றியது. எட்வர்டு எவரெட் ஹேல் தலைவரானார். துணைத் தலைவர்களுள் மதுவிலக்கு இயக்கத்தின் பிரான்சிஸ் வில்லார்டும் ஒருவர்.

அச்சங்கத்தின் அமைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. நகரந்தோறும் ‘ரமாபாய் வட்டங்கள்’ அமைக்கப்பட்டன. வட்ட உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு டாலர் வீதம் பத்து ஆண்டுகளுக்குத் தருவதாக உறுதியளித்தனர். ஒரு மாலைப் பொழுதின் உருக்கத்தில் விழும் காணிக்கை மறுநாள் வராது. பத்தாண்டு உறுதிமொழியோ பள்ளியின் வாடகையையும் ஆசிரியையின் ஊதியத்தையும் முன்கூட்டியே கணக்கிட இடந்தரும். இந்த ஏற்பாட்டின் பலத்தில்தான் 1889 மார்ச் 11 அன்று பம்பாய் சௌபாத்தியில் சாரதா சதன் திறக்கப்பட்டது. மறு ஆண்டு அது புனேக்கு இடம்பெயர்ந்தது.

ஆனால் அந்த ஒரு டாலருக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. ரமாபாய் தம் நூலின் இறுதியில் முன்வைத்த தீர்வுகள் மூன்று: பெண்களின் தற்சார்பு, கல்வி, இந்நாட்டுப் பெண் ஆசிரியைகள். இவற்றுள் இரக்கம் கோரும் சொல் எதுவும் இல்லை. எனினும் தேவாலய மண்டபங்களில் கூடியோரின் மனத்தில் நிலைத்தது தற்சார்பு பற்றிய வாதம் அன்று. தலை மழிக்கப்பட்ட சிறுமியின் உருவமே. இந்துக் கைம்பெண்ணின் துயரத்தைச் சொல்லும்போதெல்லாம் அது இந்து சமூகத்தின் மீதான தீர்ப்பாகவும் கேட்கப்பட்டது.

இந்த முரண் 1895இல் புரூக்ளினில் வெளிப்படையாக வெடித்தது. கைம்பெண்களின் நிலை குறித்து விவேகானந்தர் கூறிய கருத்துகளை அந்நகரின் ரமாபாய் வட்டத்தினர் பத்திரிகைகளில் மறுத்தனர். விவேகானந்தரோ அங்கு ஆற்றிய ஒரு சொற்பொழிவின் வருவாயை, வங்காளத்தின் பராநகரில் சசிபத பானர்ஜி நடத்திவந்த கைம்பெண் கல்வி நிலையத்துக்கு அளித்தார். ஒரே நகரத்தில், ஒரே நோக்கத்துக்காக, இரு தரப்பினர் நிதி திரட்டினர். கைம்பெண்களுக்குப் பள்ளி வேண்டும் என்பதில் இருவருக்கும் வேறுபாடில்லை. அவர்களுடைய கதையைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதே அங்கு வழக்கு.

அதற்கு முன்பே, புனேயில் நெருக்கடி முற்றியிருந்தது. பல சபைகளைச் சேர்ந்தவர்களின் பணத்தால் இயங்கியதால், சாரதா சதனில் சமயப் போதனை கூடாது என்பது அமெரிக்கச் சங்கத்தின் நிபந்தனை. ரமாபாய் வகுப்பறையில் சமயம் கற்பிக்கவில்லை. ஆனால் தாம் வழிபடும் அறையின் கதவை அவர் மூடவும் இல்லை. சில மாணவியர் அவ்வழிபாட்டில் கலந்துகொண்ட செய்தி பரவியதும் ‘கேசரி’ கடுமையாகத் தாக்கியது. 1893இல் ரானடே, பண்டார்கர் உள்ளிட்ட ஆலோசனைக் குழுவினர் விலகினர். பாதுகாவலர்கள் பலர் பெண்களை அழைத்துச் சென்றனர். பள்ளியின் பணம் பாஸ்டனிலிருந்து வந்தது. அதன் மாணவியர் புனேயின் அக்ரகாரங்களிலிருந்து வந்தனர். அவ்விரண்டு நம்பிக்கைகளையும் ஒருசேரத் தாங்கும் வலு அந்த ஏற்பாட்டுக்கு இல்லை.

அந்த 1893ஆம் ஆண்டின் மார்ச்சில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. சாரதா சதனின் முதல் கைம்பெண் மாணவியான கோதுபாயைக் கர்வே மறுமணம் செய்துகொண்டார். மனைவியை இழந்த கர்வே அப்போது ஃபெர்குசன் கல்லூரியில் கணிதம் கற்பித்துவந்தார். மணத்துக்குப் பின் ஆனந்திபாய் எனப் பெயர்பெற்ற கோதுபாயுடன் அவர் சொந்த ஊரான முருடுக்குச் சென்றபோது, ஊரார் அவரை விலக்கிவைத்தனர். ரமாபாயின் பள்ளியிலிருந்து கர்வேயின் இல்லத்துக்கு வந்தவர் ஒரு மணப்பெண் மட்டுமல்லர். அப்பள்ளி ஏன் தடுமாறியது என்ற பாடமும் அவரோடு வந்தது.

1896இல் கர்வே அநாத பாலிகாசிரம மண்டலியைத் தொடங்கினார். இம்முறை நிதி உள்ளூரிலேயே திரட்டப்பட வேண்டும் என்பது தெளிவு. ராவ் பகதூர் கணேஷ் கோவிந்த் கோகலே ஆறு ஏக்கர் நிலமும், குடிசை அமைக்க 750 ரூபாயும் வழங்க, 1900இல் ஆசிரமம் ஊருக்கு வெளியே ஹிங்கணேக்கு இடம்பெயர்ந்தது. பல ஆண்டுகள் கர்வே அங்கிருந்து சில மைல் நடந்தே கல்லூரிக்குச் சென்றார். பாடம் முடிந்தபின் நகரில் வீடு வீடாகச் சென்று நன்கொடை கேட்டார். வசவையும் கேட்டார்.

உள்ளூர்ப் பணத்துக்கும் ஒரு விலை இருந்தது. மறுமணம் செய்துகொண்டவர் நடத்தும் இல்லத்துக்குத் தம் வீட்டுக் கைம்பெண்ணை அனுப்பினால் அவளுக்கும் மறுமணம் நடந்துவிடும் என்று அஞ்சியோர் பலர். ஆகவே கர்வே மறுமண இயக்கத்தின் நேரடிப் பணியிலிருந்து ஒதுங்கி, கல்வியை அதிலிருந்து பிரித்து நிறுத்தினார். தாமே செய்து காட்டிய ஒன்றை, தாம் நடத்திய நிறுவனத்தின் பொருட்டுப் பேசாமல் இருக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் இல்லத்தின் கதவு பிராமணக் கைம்பெண்களுக்கே திறந்திருந்தது. 1848இலேயே இதே புனேயில் ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியிருந்தனர் என்பதை நினைத்துப் பார்த்தால், அரை நூற்றாண்டுக்குப் பின்னும் கொடையாளரின் சாதி எல்லையே மாணவியரின் எல்லையாக இருந்தது தெரியவரும். ரமாபாயின் நூல் தலைப்பில் உள்ள ‘உயர்சாதி’ என்ற அடையும் இவ்வகையில் சிந்திக்கத்தக்கது.

இந்த இறுக்கமான எல்லைகளுக்குள் ஒரு புதிய குரல் எழுந்தது. ஆனந்திபாயின் தங்கையான பார்வதிபாய் ஆடவலே, இளவயதில் கைம்பெண்ணாகி ஹிங்கணே இல்லத்தில் கற்று, அதன் பொறுப்பாளராக உயர்ந்து, பின்னர் அதற்காக நிதி திரட்ட ஊர் ஊராகச் சென்றார். கைம்பெண்ணுக்காக வேறொருவர் கேட்ட நிலை மாறி, கைம்பெண்ணே மேடையேறிக் கேட்கத் தொடங்கினார். மழித்த தலையும் கைம்பெண் கோலமும் வைதிக இல்லங்களின் வாசலை அவருக்குத் திறந்தன. பின்னாளில் அவர் அவ்வழக்கத்தைக் கைவிட்டபோது எழுந்த எதிர்ப்பு, கொடையாளர் எதை மதித்தனர் என்பதையும் காட்டிக்கொடுத்தது.

1918இல் பார்வதிபாய் ஆங்கிலம் கற்கவும் நிதி திரட்டவும் அமெரிக்கா சென்றார். ரமாபாய் பாஸ்டன் மேடைகளில் பேசி முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. ரமாபாய்க்கு ஆங்கிலமும் பண்டிதை என்ற புகழும் துணையிருந்தன. பார்வதிபாய்க்கு இரண்டும் இல்லை. பிழைப்புக்காக அவர் அங்குள்ள வீடுகளில் பணிப்பெண்ணாக வேலை செய்தார். இதைத் தம் தன்வரலாற்றில் மறைக்காமல் பதிவு செய்துள்ளார். நன்கொடை வரலாற்றில் கொடுத்தவரின் பெயர் கல்வெட்டில் ஏறுகிறது. கேட்கச் சென்றவரின் உழைப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

ஹிங்கணே நிறுவனத்தார் கண்டெடுத்த மற்றொரு வழி பாவ்பீஜ் நிதி. தீபாவளியை ஒட்டிய பாவ்பீஜ் நாளில் சகோதரன் சகோதரியின் வீட்டுக்குச் செல்வான். அவள் ஆரத்தி எடுப்பாள். அவன் தட்டில் தட்சிணை வைப்பான். கணுப் பொங்கலுக்கு உடன்பிறந்தாளுக்குச் சீர் அனுப்பும் தமிழர் வழக்கோடு ஒப்பிட்டால் இதன் உணர்வு விளங்கும். அந்தத் தட்சிணையை ஆசிரமத்துச் சகோதரிகளுக்கும் தருமாறு தொண்டர்கள் வீடுதோறும் கேட்டனர். தொகை சிறிது. ஆனால் பிச்சை கேட்டவரிடம் இரங்கிக் கொடுப்பதற்கும், உடன்பிறந்தாளுக்கு உரியதைக் கொடுப்பதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. கைம்பெண் மங்கல நிகழ்ச்சிகளிலிருந்து விலக்கப்பட்ட ஒரு சமூகத்தில், ஒரு பண்டிகையின் நடுவே அவளுக்கு இடம் கேட்டது அந்நிதி.

1915 டிசம்பரில் பம்பாயில் கூடிய தேசிய சமூக மாநாட்டின் தலைமையுரையில் கர்வே பெண்களுக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் வேண்டும் என்றார். ஜப்பானின் மகளிர் பல்கலைக்கழகம் பற்றிய ஒரு சிறு நூல் அவருக்குத் தூண்டுதலாயிற்று. 1916இல் இந்திய மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கியது. அரசின் அங்கீகாரம் இல்லை. அதனாலேயே தாய்மொழி வழியில் கற்பிக்கும் சுதந்திரம் இருந்தது. 1920இல் சர் விட்டல்தாஸ் தாக்கர்சி 15 லட்சம் ரூபாய் அறிவித்தார். பல்கலைக்கழகம் அவருடைய தாயார் நாதிபாய் தாமோதர் தாக்கர்சியின் பெயரை ஏற்றது. 1921இல் முதன்முதலாக ஐந்து பெண்கள் பட்டம் பெற்றனர். 1936இல் தலைமையகம் புனேயிலிருந்து பம்பாய்க்கு மாறியது. அரசின் சட்டபூர்வ அங்கீகாரம் விடுதலைக்குப் பின்னரே கிடைத்தது.

பெருங்கொடை ஒன்று வந்ததும் சிறு நன்கொடைகளின் தேவை தீர்ந்துவிடவில்லை என்பதற்குக் கர்வேயின் பிற்காலமே சான்று. எழுபது வயதைக் கடந்தபின், 1929 முதல் 1932 வரை, ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான், ஆப்பிரிக்கா எனப் பயணம் செய்து பெண்கல்வியைப் பற்றிப் பேசி நிதி சேர்த்தார். ஆப்பிரிக்காவில் அவர் அணுகியவர்கள் பெரும்பாலும் அங்கு குடியேறிய இந்தியர்கள். ரமாபாயும் ஒரே மூலத்தை நம்பி இருக்கவில்லை. 1896–97 பஞ்சத்தில் மீட்ட பெண்களோடு கேட்காவில் முக்தி நிலையத்தை வளர்த்தபோது, வயலும் நெசவும் அச்சகமும் அதன் உள்ளேயே அமைந்தன. 1898இல் பத்தாண்டு உறுதிமொழி முடிவுற்று, சங்கம் புது வடிவம் பெற்றது. முக்தி வெளிப்படையான கிறித்தவ நிறுவனமாயிற்று.

மேற்கண்ட மூன்று வகைப் பணமும் மூன்று வகை உறவுகளைக் குறிக்கின்றன. வட்டங்களின் டாலர் தொடர்ச்சியைத் தந்தது. ஆனால் துயரக் கதையைக் கேட்டது. பாவ்பீஜின் தட்சிணை உரிமையின் மொழியைத் தந்தது. ஆனால் ஊரின் எல்லையைத் தாண்ட அதனால் உடனே இயலவில்லை. பதினைந்து லட்சம் நிலைத்தன்மையைத் தந்தது; கூடவே ஒரு குடும்பத்தின் பெயரையும் தந்தது. இவற்றுள் எதையும் தூயது என்றோ மாசுற்றது என்றோ பிரிக்க முடியாது. இவை மூன்றும் இல்லாமல் அந்த ஐந்து பெண்கள் பட்டம் பெற்றிருக்கவும் முடியாது.

இன்று பெண்குழந்தைகளின் கல்விக்காக நடைபெறும் நிதி திரட்டும் விருந்துகளிலும் ஓட்டப்பந்தயங்களிலும் ஒரு சிறுமியின் முகம் பதாகையில் இருக்கும். அவள் பேசுகிறாளா, அவளைப் பற்றிப் பிறர் பேசுகிறார்களா, அடுத்த ஆண்டும் அப்பணம் வருமா, எதைப் பேசாமலிருப்பதற்காக அது தரப்படுகிறது என்ற வினாக்களை புனேயின் வரலாறு ஏற்கெனவே எழுப்பியிருக்கிறது. பெண்கல்வியை ஆராயும் மாணவர்கள் பாடத்திட்டங்களோடு ஆண்டறிக்கைகளின் சந்தாப் பட்டியல்களையும் எடுத்துப் படிக்க வேண்டும். யாருக்குக் கதவு திறந்தது, யாருக்கு மூடியது என்பதற்கான விடையில் ஒரு பாதியேனும் அப்பட்டியல்களில் உள்ளது.