எளிய மலை என்று யார் சொன்னது?

இன்று ஒரு மலையின் வரலாறு.

ஜெனீவா விஞ்ஞானி சொசூர், மோன் பிளாங் உச்சிக்கு வழி காண்பவருக்குப் பரிசு தருவதாக 1760ல் அறிவித்தார். 26 ஆண்டுகள் கழித்துத்தான், 1786ல், மருத்துவர் பக்காரும், படிகக்கல் தேடி மலைகளில் திரிந்த பல்மாவும் அந்த உச்சியை அடைந்தார்கள். அதே சொசூர் 1792ல் சுவிஸ் - இத்தாலி எல்லைக்கு அருகே உள்ள சின்ன மாட்டர்ஹார்னில் கால்நடையாக ஏறினார். பக்கத்திலேயே நிற்பது பிரைட்ஹார்ன், 4,164 மீட்டர். 1813ல் ஹென்றி மேனார்ட் அதன் உச்சியை அடைந்தார். அவர் தனியாகப் போகவில்லை. கூத்தே, கிரா, எரென் குடும்பத்தார் இருவர் என நான்கு வழிகாட்டிகள் கூட இருந்தார்கள்.

அப்போது வரைபடம் சரியாக இல்லை. காலணிக்கு அடியில் மாட்டும் பத்து முள் இரும்பை எக்கன்ஸ்டைன் வடிவமைத்ததே 1908ல்தான். 1979ல் சின்ன மாட்டர்ஹார்ன் வரை கேபிள் கார் வந்தது. சொசூர் பாடுபட்டு ஏறிய இடத்தில் இன்று டிக்கெட் வாங்கி இறங்கலாம். அங்கிருந்து பிரைட்ஹார்ன் உச்சிக்கு இன்னும் சுமார் 350 மீட்டர் உயரம்தான்.

சுவிட்சர்லாந்தில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் முதன்முறையாக அங்கே ஏறப் போகிறார். "ரொம்ப ஈஸியான மலை சார்" என்று எழுதியிருந்தார். அது பொய்யில்லை. மலையேறுவோரின் தரவரிசையில் அந்த வழிக்கு 'ஃபசீல்', அதாவது எளிது என்றே பெயர். ஆனால் அந்தத் தரம் பாதையின் கடினத்தை மட்டுமே சொல்கிறது. ஏறுகிறவரின் மூச்சையோ, அன்றைய வானிலையையோ அது சொல்லாது.

அந்த உயரத்தில் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடற்கரையில் கிடைப்பதில் சுமார் 60 சதவீதம்தான். கேபிள் கார் விரைவாகத் தூக்கிவிடும். உடம்பு பழக நேரம் இருக்காது. தலைவலி, குமட்டல் வரும். போகிற வழியில் பனியாறு. அதன் பிளவுகளைப் புதுப்பனி மூடியிருக்கும். உச்சியை ஒட்டிய முகட்டில் தெற்கே சாய்வான பனிச்சரிவு, வடக்கே செங்குத்துச் சரிவு. காற்று சேர்த்த பனி வீட்டுத் தாழ்வாரம் போல வடக்கே நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் ஒன்றும் இருக்காது. மேகம் இறங்கினால் எது முகடு, எது வானம் என்றே தெரியாது.

அவருக்கு நான் எழுதிய பதில் இதுதான்: மேலே போகுமுன் இரண்டு நாள் உயரத்தில் தங்கு. வழிகாட்டியோடு ஒரே கயிற்றில் நட. விளிம்பை விட்டு விலகி நில். மேகம் கூடினால் திரும்பிவிடு; உச்சி தொடாவிட்டாலும் உனக்கு நூற்றுக்கு நூறுதான்.

உங்கள் பிள்ளைகளும் எதையாவது ஈஸி என்று சொல்வார்கள். சொல்லட்டும். யார் யார் முன்னால் நடந்து அதை எளிதாக்கினார்கள் என்று மட்டும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.